விமானியின் முகமூடி

சயானிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழ்கின்ற நமக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயப் பொருள் அன்று. சாந்தாகுரூஸ் நிலையத்தை நோக்கி இறங்குவனவும் அங்கிருந்து எழும்புவனவுமாக விமானங்கள் இரவு பகலாக நம் வீட்டுக் கூரைகளின் மேலே இரைந்து செல்கின்றன. ஒரு காலத்தில் சொந்த ஊர் செல்வதென்றால் தாதரில் ரயிலேறி, சோற்று மூட்டையும் தண்ணீர்க் கூஜாவுமாக இரண்டு பொழுதுகளைக் கழிக்க வேண்டியிருந்தது. இன்று சென்னைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். பேரப் பிள்ளைகளைக் காண வரும் திருநெல்வேலிப் பாட்டிகளும் விமானத்தில் வருகின்றனர்.

விமானம் புறப்படுமுன் பணிப்பெண் எழுந்து நின்று, மஞ்சள் நிறக் கிண்ணம் போன்ற ஒரு முகமூடியைக் கையில் ஏந்தி ஏதோ சொல்கிறார். மும்பையிலிருந்து புறப்படும் விமானங்களில் அந்த அறிவிப்பு பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே நிகழ்கிறது. அவ்விரு மொழிகளையும் அறியாத முதியவர்கள், அது நமக்குரியது அன்று என்று எண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்கிறார்கள். அறிந்தவர்களோ, பலமுறை கேட்டதாயிற்றே என்று பத்திரிகையைப் புரட்டுகிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தச் சில வாக்கியங்களின் பொருளையும், அவற்றின் பின்னே நிற்கும் விஞ்ஞானத்தையும் நம் மொழியில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். பயணிகளின் முகமூடியை நாம் கண்டிருக்கிறோம். நம் கண்ணில் படாத மற்றொரு முகமூடி விமானியின் ஆசனத்தருகே இருக்கிறது. நம் எல்லோருடைய உயிரும் இறுதியில் அதனையே சார்ந்திருக்கிறது என்பதே இந்தப் பேச்சின் சாரம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். உயரே செல்லச் செல்லக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. கடற்கரையிலும் சரி, இமயத்தின் சிகரத்திலும் சரி, நூறு பங்கு காற்றில் ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் காற்று 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கி நிற்கும் அழுத்தம் உடையது. 18,000 அடி உயரத்தில் அது பாதியாகி 380 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. பயணி விமானங்கள் பறக்கும் 35,000 அடியிலோ 180 மில்லிமீட்டர்கூட இராது. அதில் பிராணவாயுவின் பங்கைக் கணக்கிட்டால், கடல்மட்டத்தில் 160 மில்லிமீட்டராக இருந்தது அங்கே 40-க்கும் கீழே இறங்கிவிடுவதைக் காணலாம்.

நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் பிராணவாயு புகுவது இந்த அழுத்தத்தின் உந்துதலால்தான். மேட்டிலுள்ள நீர் பள்ளத்துக்குப் பாய்வது போல, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது செல்கிறது. உந்துதல் குறைந்தால், எவ்வளவுதான் மூச்சை இழுத்தாலும் இரத்தத்திலுள்ள செவ்வணுக்கள் தமக்குரிய சுமையைப் பெறமாட்டா. மிக அதிகமான உயரத்திலோ நிலைமை தலைகீழாகி, இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள பிராணவாயு நுரையீரலுக்குத் திரும்பி, ஒவ்வொரு மூச்சோடும் வெளியே போய்விடுகிறது. மூச்சை அடக்கிக் கொண்டு சமாளிக்கலாமே என்றால், அழுத்தம் திடீரெனக் குறையும்போது நுரையீரலில் உள்ள காற்றே விரிந்து வெளியேறிவிடும். அடக்க முயல்வது நுரையீரலுக்கே கேடு.

இவ்வாறு உடலின் திசுக்களுக்குப் போதிய பிராணவாயு கிட்டாத நிலையை மருத்துவர்கள் ஹைபாக்ஸியா என்பர். நாம் பிராணவாயுக் குறைவு என்று சொல்லிக் கொள்ளலாம். 2020, 2021-ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் நம்முள் பலர் விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டிக் கொண்டு, 95, 93 என்று எண்களைக் கவலையோடு பார்த்ததுண்டு. அந்தக் கருவி அளந்தது இதனைத்தான். அக்காலத்தில் மருத்துவர்களைத் திடுக்கிட வைத்த ஒரு செய்தி நினைவிருக்கலாம். சில நோயாளிகளுக்கு அந்த எண் மிகவும் இறங்கியிருந்தது. ஆயினும் அவர்கள் பெரிய துன்பம் எதுவும் தெரியாமல் பேசிக் கொண்டிருந்தார்கள். விமானியை எதிர்நோக்கும் ஆபத்தின் இயல்பும் ஏறக்குறைய அதுவே.

நீரில் மூழ்குபவன் திணறுகிறான். புகையில் அகப்பட்டவன் இருமுகிறான். அவர்களுடைய உடலே அபாயத்தை அறிவித்துவிடுகிறது. மெல்லிய காற்றைச் சுவாசிப்பவனுக்கு அத்தகைய அறிவிப்பு பெரும்பாலும் இல்லை. கரியமில வாயு உடலில் தேங்குவதுதான் மூச்சுத் திணறல் என்ற உணர்ச்சியைப் பெரிதும் தூண்டுவது. உயரத்தில் அது தேங்குவதில்லை. மூச்சோடு வெளியேறியபடியே இருக்கிறது. பிராணவாயுவுக்காக எப்போதும் பசித்திருக்கும் உறுப்பு மூளை. அதிலும் சிந்தித்து, எடைபோட்டு, தீர்ப்புக் கூறும் பகுதிதான் முதலில் தளர்கிறது. ஆகவே தன் அறிவு மங்குகிறது என்பதை அறிய வேண்டிய அறிவே முதலில் மங்கிவிடுகிறது. அந்த மனிதனுக்கு ஒரு வகை உற்சாகமும் பிறக்கலாம். எல்லாம் செவ்வனே நடக்கிறது என்று புன்னகையோடு நம்பிக் கொண்டே அவன் நினைவிழந்து போவான்.

இதற்குச் சரித்திரத்தில் ஓர் உருக்கமான சான்று உண்டு. 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், பிரான்ஸ் நாட்டில் ஜெனித் என்ற பலூனில் திஸாந்தியே, சிவெல், க்ரோஸே-ஸ்பினெல்லி ஆகிய மூவர் வானில் எழுந்தனர். உயரத்தின் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். அழுத்தக் குறைவைப் பற்றி ஆராய்ந்த பால் பேர் என்னும் விஞ்ஞானியின் சோதனை அறையில் சிவெலும் க்ரோஸே-ஸ்பினெல்லியும் முன்னரே பயிற்சி பெற்றிருந்தனர். பிராணவாயு கலந்த காற்றை அடைத்த பைகளையும் உடன் கொண்டு சென்றனர். ஆனால் அந்தச் சேமிப்பு சிறிது. தேவை மிகும்போது பயன்படுத்திக் கொள்ளலாம் என்று வைத்திருந்தனர். தேவை மிகுந்தபோது கை எழவில்லை. தலைக்கு மேலே தொங்கிய குழாயைப் பற்ற விரும்பியும் பற்ற முடியவில்லை என்றும், அந்த நேரத்தில் துன்பமே தோன்றாமல் ஒருவித இன்பமே தோன்றியது என்றும் பிற்பாடு திஸாந்தியே எழுதி வைத்தார். எழுதி வைக்க எஞ்சியவர் அவர் ஒருவர்தான். பலூன் 26,000 அடிக்கும் மேலே சென்று தானாகத் தரையிறங்கியபோது மற்ற இருவரும் உயிரற்றிருந்தனர்.

தேவை ஏற்படும்போது பார்த்துக் கொள்ளலாம் என்ற கொள்கை உயரத்தில் செல்லாது என்ற பாடத்தை உலகம் அன்று கற்றது. விமான மருத்துவர்கள் அதனை எண்களால் வரையறுத்தனர். பிராணவாயு தடைப்பட்டபின் ஒருவன் எவ்வளவு நேரம் தன்னைத் தானே காத்துக் கொள்ளும் செயலைச் செய்ய வல்லவனாக இருப்பான் என்பதே கேள்வி. இதனைத் தமிழில் ‘செயலறிவு நேரம்’ எனலாம். கண் விழித்திருப்பது வேறு, செயலறிவோடு இருப்பது வேறு என்பதை நாம் இங்கே மறக்கலாகாது. 18,000 அடியில் அந்த நேரம் 20 முதல் 30 நிமிஷம் வரை. 25,000 அடியில் 3 முதல் 5 நிமிஷம். 30,000 அடியில் 1 முதல் 2 நிமிஷம். 35,000 அடியில் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம். 40,000 அடியில் 15 முதல் 20 விநாடி. அழுத்தம் திடீரென்று வெளியேறினால் இந்த நேரங்களும் பாதியாகச் சுருங்கக் கூடும். ஒருவன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து அணிவதற்குள் செயலறிவு நேரம் முடிந்துவிடும்.

அப்படியாயின் நாம் எவ்வாறு நிம்மதியாகக் காப்பி அருந்தியபடி பயணம் செய்கிறோம்? ஜே. ஆர். டி. டாட்டா 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு நமது ஜுஹூ திடலில் வந்து இறங்கியபோது, அவருடைய சிறு விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அவ்வளவு உயரம் செல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அஸ்ஸாமிலிருந்து மலைகளைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற விமானிகளோ முகமூடியை நம்பியே பறந்தனர். அவ்விமானங்களின் அறைகளில் அழுத்தத்தைக் காக்கும் ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாடு கொண்ட விமானங்கள் பின்னர் பரவின. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ‘மலபார் பிரின்ஸஸ்’ அத்தகையது. இன்றைய பயணி விமானங்கள் பலவற்றில் எஞ்சின்களிலிருந்து பெறும் காற்றைக் குளிர்வித்து அறைக்குள் செலுத்தி, அது வெளியேறும் வழியைக் கட்டுப்படுத்துகிறார்கள். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு உரியதாகவோ அதைவிடத் தாழ்ந்த உயரத்துக்கு உரியதாகவோ இருக்கும். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், உதகமண்டலத்துக்கு மேலே, தொட்டபெட்டா சிகரத்துக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பாகும். ஆரோக்கியமானவர்களுக்கு இது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நுரையீரல் நோயோ கடுமையான இரத்த சோகையோ உள்ளவர்கள் மட்டும் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கலந்து கொள்வது நலம்.

இந்த ஏற்பாடு தவறும்போது காக்க வருவதே விமானியின் முகமூடி. அதன் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்போம். ஒவ்வொரு விமானியின் அருகிலும் ஒரு சிறு பெட்டி உண்டு. அதிலிருந்து நீட்டிக் கொண்டிருக்கும் செந்நிறப் பிடிகளை அமுக்கி இழுத்தால் முகமூடி வெளியே வரும். அதன் தலைவார்கள் வாயுவால் உப்பி, கூடைபோல் அகன்று நிற்கும். அதனைத் தலைமேல் கவிழ்த்துப் பிடியை விட்டால் வார்கள் சுருங்கி, மூக்கையும் வாயையும் மூடியவாறு முகமூடி இறுக அமர்ந்துவிடும். இத்தனையும் ஒரே கையால், 5 விநாடிக்குள் நடந்தேற வேண்டும் என்பது விதி. மற்றக் கை விமானத்துக்கு உரியது அன்றோ!

முகமூடியில் உள்ள சீராக்கி என்னும் சிறு பொறியே அதன் இருதயம். விமானி மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டுமே அது திறந்து பிராணவாயுவை விடும். வெளிவிடும்போது மூடிக் கொள்ளும். இதனால் சேமிப்பு வீணாவதில்லை. சாதாரண நிலையில் அது பிராணவாயுவோடு அறைக் காற்றையும் கலந்து தரும். காற்று நீக்கப்பட்ட ஒரு சிறு உலோகச் சிமிழ் உள்ளே இருக்கிறது. வெளி அழுத்தம் குறையக் குறைய அது உப்பி, அறைக் காற்று நுழையும் வழியைப் படிப்படியாக அடைத்துவிடும். உயரம் மிகுந்தால் விமானிக்குக் கிட்டுவது கலப்பற்ற பிராணவாயுவாகவே இருக்கும். எடுத்த எடுப்பிலேயே கலப்பற்றதைப் பெறுவதற்கு ஒரு நிலையும், அறையில் புகை சூழ்ந்தால் அது உட்புகாதபடி வாயுவைச் சற்று அழுத்தத்தோடு செலுத்துவதற்கு மற்றொரு நிலையும் உண்டு. பேசுவதற்குச் சிறு ஒலிவாங்கியும் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். முகமூடி அணிந்த விமானி ஊமையாகிவிடுவதில்லை.

கலப்பற்ற பிராணவாயு எவ்வாறு உதவுகிறது? முன்பு நூற்றில் 21 பங்காக இருந்தது இப்போது நூற்றுக்கு நூறாகிறது. அழுத்தம் சுருங்கியதை விகிதம் ஈடு செய்கிறது. 34,000 அடியில் கலப்பற்ற பிராணவாயுவைச் சுவாசிப்பவனுடைய நுரையீரல், கடற்கரையில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவனுடையதற்கு நிகராக இருக்கும். 40,000 அடியில் அவன் 10,000 அடி மலைமேல் நிற்பவனுக்கு ஒப்பாவான். அதற்கும் மேலே விகிதத்தை உயர்த்த இடமில்லை. ஆதலால் வாயுவை அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் செலுத்த வேண்டியிருக்கிறது. போர் விமானிகள் இதற்கெனப் பயிற்சி பெறுகின்றனர். மூச்சு தானாக உள்ளே பாயும். வெளியே தள்ளுவதற்குத்தான் முயற்சி வேண்டும். பிறந்தது முதல் பழகிய வழக்கத்தைத் தலைகீழாக்கிக் கொள்வது எளிதன்று.

போர் விமானங்களில் பிராணவாயுவைப் பறக்கும்போதே தயாரித்துக் கொள்ளும் முறையும் வந்துவிட்டது. எஞ்சினிலிருந்து வரும் காற்றை நைட்ரஜனைப் பற்றிக் கொள்ளும் ஒருவகைத் தாதுப் படுகையின் வழியே செலுத்தினால் பிராணவாயு மிகுந்த காற்று எஞ்சுகிறது. பெருந்தொற்றின்போது நம் மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட பிராணவாயு ஆலைகளும் இந்தத் தத்துவத்தையே பின்பற்றியவை. பெங்களூரில் உள்ள பாதுகாப்பு உயிர்ப்பொறியியல் ஆய்வுக்கூடம் நமது தேஜஸ் விமானத்துக்கென இத்தகைய சாதனத்தை அமைத்து, 2025-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் 50,000 அடி உயரம் வரை சோதனை நடத்தி வெற்றி கண்டது.

இனி, நம் ஊரிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் காலை, 166 பயணிகளோடு ஜெட் ஏர்வேஸ் விமானம் ஒன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்டது. அந்த நிறுவனம் 2019-இல் தன் சேவையை நிறுத்திவிட்டது. அறைக்குள் அழுத்தக் காற்றை அனுப்பும் பித்தான்கள் அன்று போடப்படவில்லை. விமானம் ஏற ஏற அறையின் அழுத்தம் குறைந்தது. முகமூடிகள் கூரையிலிருந்து தொங்கின. விமானம் மும்பைக்கே திரும்பி நலமாக இறங்கியது. ஏறத்தாழ 30 பயணிகளுக்கு மூக்கிலோ காதிலோ இரத்தம் கசிந்தது. காதுவலியும் தலைவலியும் கண்டன. இரத்தக் கசிவு பிராணவாயுக் குறைவால் நேர்வதன்று. காதிலும் முகத்தின் எலும்புக் குழிகளிலும் அடைபட்ட காற்று, வெளி அழுத்தம் மாறும்போது விரிந்து சுருங்குவதால் நேர்வது. உயிர்ச்சேதம் இல்லை என்பது நமது நல்வினை.

அதே வகையைச் சேர்ந்த மற்றொரு விமானத்துக்கு அந்த நல்வினை வாய்க்கவில்லை. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள், ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் விமானம் சைப்ரஸ் தீவிலிருந்து கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகருக்குப் புறப்பட்டது. அறை அழுத்தத்தைத் தானாகச் சீர்ப்படுத்த வேண்டிய திருகி, முந்திய பரிசோதனைக்குப் பின் மாற்றப்படாமல் கைமுறை நிலையிலேயே இருந்துவிட்டது. ஏறும்போது அபாயச் சங்கு ஒலித்தது. ஆனால் அந்த விமானத்தில் அதே ஒலிக்குத் தரையில் வேறொரு பொருளும் உண்டு. விமானிகள் அதனையே நினைத்தார்கள். முகமூடியை எடுக்கவில்லை, காரணத்தை ஆராயலாயினர், நிறுவனத்தின் பொறியாளரோடு வானொலியில் உரையாடினர். ஆராயும் அறிவு அதற்குள் கரைந்து கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவர்கள் குரல் நின்றது. தானியங்கிப் பொறி விமானத்தை 34,000 அடிக்கு ஏற்றி, ஏதென்ஸுக்கு அருகே வட்டமிட வைத்தது. துணைக்கு எழுந்த போர் விமானங்களின் விமானிகள், துணை விமானி ஆசனத்தில் சாய்ந்து கிடப்பதையும் தலைமை விமானியின் ஆசனம் வெறுமையாக இருப்பதையும் கண்டனர். புறப்பட்டு ஏறக்குறைய 3 மணி நேரத்துக்குப் பின் எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ்ந்தது. 121 பேர் மாண்டனர். பிற்பாடு அவ்வகை விமானங்களில் இரு எச்சரிக்கைகளையும் பிரித்துக் காட்டத் தனி விளக்குகள் சேர்க்கப்பட்டன.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விமானத்திலும் பயணிகளின் முகமூடிகள் தவறாமல் கீழே வந்தன. ஆனால் அவற்றுக்குப் பிராணவாயு தருவது பெரும்பாலும் கூரையில் உள்ள ஒரு ரசாயனக் குப்பி. ஏறக்குறைய 12 நிமிஷத்துக்குத்தான் போதும். அந்த 12 நிமிஷத்துக்குள் விமானி விமானத்தை 10,000 அடிக்கு இறக்கிவிடுவார் என்ற நம்பிக்கையின் பேரிலேயே அது அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. விமானி நினைவிழந்தால் அந்த அளவுக்குப் பொருள் இல்லாமல் போகிறது. ஆகவே விமானி அணியும் முகமூடி அவர் ஒருவருக்காக மட்டும் அணிவது அன்று.

இதனால்தான் விமானிகளுக்கு ஒரு விதி கற்பிக்கப்படுகிறது: சங்கு ஒலித்தால் முதலில் முகமூடி, பிறகு பேச்சு, அதற்கும் பிறகே ஆராய்ச்சி. உடல் என்ன சொல்கிறது என்று காத்திருக்கலாகாது. 1957-இல் பெங்களூரில் தோன்றி, இன்று விண்வெளி மருத்துவக் கழகமாக விளங்கும் விமானப்படை நிறுவனத்தில் காற்றழுத்தத்தைக் குறைக்கும் சோதனை அறை இருக்கிறது. இத்தகைய அறைகளில் விமானியை அமர்த்தி, உயரத்தின் நிலையை உண்டாக்கி, முகமூடியைக் கழற்றச் சொல்லி, எளிய கணக்குகளைப் போடவும் பெயரை எழுதவும் சொல்வார்கள். முதல் வரி முத்து முத்தாக இருக்கும், நான்காம் வரி கோணும், பின் கிறுக்கலாகும். எழுதியவரோ, தாம் நன்றாகவே எழுதியதாக எண்ணுவார். பிறகு அந்தத் தாளை அவரிடம் காட்டுவார்கள். நகம் நீலம் பாய்வதும், விரல் நுனி மரத்துப் போவதும், பார்வை குறுகுவதும், காரணமற்ற மகிழ்ச்சியும் ஆளுக்கு ஆள் மாறுபடும். தமக்கு வரும் அறிகுறி இன்னதென்று தெரிந்து கொள்வதோடு, தம் உணர்ச்சியை நம்பலாகாது என்ற அடக்கத்தையும் அவர் கற்றுத் திரும்புகிறார்.

இப்போது அந்தப் பணிப்பெண்ணின் வாக்கியங்களைத் தமிழில் சொல்கிறேன். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அறையின் அழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலே முகமூடிகள் தொங்கும். உங்களுக்குரியதை உங்கள் பக்கமாக இழுங்கள். இழுத்தால்தான் பிராணவாயு வரத் தொடங்கும். மூக்கும் வாயும் இரண்டும் மூடும்படி வைத்து, நாடாவைத் தலையின் பின்னே மாட்டி, வழக்கம்போல் மூச்சு விடுங்கள். அதிலுள்ள பை உப்பாமல் இருக்கலாம். ஆயினும் வாயு வந்து கொண்டிருக்கும். குப்பி சூடாவதால் தீய்ந்த வாடை வரலாம். அதைக் கண்டு முகமூடியைக் கழற்றலாகாது. விமானம் திடீரென்று கீழ்நோக்கிச் சரியும். அது விழுவதன்று, விமானி தம் கடமையைச் செய்கிறார் என்று அறிந்து பட்டையை இறுக்கிக் கொண்டு அமர்ந்திருங்கள்.

கடைசி வாக்கியம்தான் தாய்மார்களுக்குக் கடினமானது. குழந்தைக்கு அணிவிக்குமுன் உங்களுக்கு அணிந்து கொள்ளுங்கள் என்பது அது. தனக்கென்று ஒரு கவளத்தைக் கடைசியில் வைத்துக் கொள்ளும் நம் தாய்மார்களுக்கு இது சுயநலம்போல் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். செயலறிவு நேரம் அரை நிமிஷம். திமிறுகின்ற குழந்தைக்கு மாட்டுவதில் அது கழிந்துவிட்டால், குழந்தையின் முகமூடி நழுவும்போது சரி செய்ய யார் இருப்பார்? தாய்க்கு மாட்டிக் கொள்ளச் சில விநாடி போதும். அதற்குப் பின் அவள் தெளிந்த அறிவோடு எத்தனை பேருக்கும் உதவலாம். விமானிக்கு விதித்த நீதியும் தாய்க்கு விதித்த நீதியும் ஒன்றே. பிறர் உயிர் யார் கையில் இருக்கிறதோ, அவர் முதலில் தம் அறிவைக் காத்துக் கொள்ள வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, அறிவிப்பு முடியும்வரை அந்த இரண்டு நிமிஷங்களுக்குப் பத்திரிகையை மடித்து வையுங்கள். அருகில் மொழி தெரியாத பெரியவர் ஒருவர் இருந்தால், அவருக்கு அதனைத் தமிழில் சொல்லுங்கள்.